த்ரீடி கண்ணாடி, பேனா ஸ்பிரிங், காக்காப்பொன்: 9 டெஸ்லாவுக்குள் எக்ஸிட்டானைப் பார்த்த பதிவு

போன வியாழக்கிழமை ராத்திரி பதினொன்றரை மணிக்கு, காந்தப் புலம் ப்ளஸ் 9 டெஸ்லாவில் இருந்தபோது எடுத்த நிறமாலையையும், புலத்தின் திசையைத் திருப்பி மைனஸ் 9 டெஸ்லாவில் எடுத்ததையும் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தேன். இரண்டு முகடுகளும் ஐந்து பிக்சல் தள்ளி நின்றன. ஐந்தே ஐந்து பிக்சல். இதற்காக ஏழு மாதமும் ஐந்து குளிர்விப்பும் போயிருக்கின்றன. எங்கெங்கே சறுக்கினேன் என்பது மறப்பதற்குள் எழுதி வைத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன், ஏனென்றால் இதில் பாதிக்கு மேல் எந்த ஆய்வுக்கட்டுரையிலும் வராது.

என்ன அளக்க வந்தோம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காலியம் ஆர்சனைடு அரைக்கடத்தியில் லேசர் பட்டால் ஒரு எலக்ட்ரான் மேலே எகிறும், அது விட்டுப்போன இடம் துளையாக நிற்கும். குளிரில் இந்த இரண்டும் ஹைட்ரஜன் அணுவைப் போல ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, பிறகு சேர்ந்து ஒளியாகப் போய்விடும். அந்த ஜோடிதான் எக்ஸிட்டான். பத்து நானோமீட்டர் தடிமன் உள்ள அடுக்குக்குள் அதை அடைத்துவைத்தால் அது குவாண்டம் கிணறு. காந்தப் புலம் கொடுத்தால் இரண்டு விஷயம் நடக்கும்: ஆற்றல் புலத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மெல்ல ஏறும், கூடவே நிறமாலைக் கோடு இடஞ்சுழி வலஞ்சுழி ஒளியாக (இடமாகவோ வலமாகவோ சுழன்றபடி வரும் ஒளி) இரண்டாகப் பிரியும். ஏற்றம் எக்ஸிட்டான் எவ்வளவு பெரியது என்று சொல்லும், பிளவு அதன் தற்சுழற்சியைப் (ஸ்பின்) பற்றிச் சொல்லும். இந்த இரண்டும் வேண்டும், அவ்வளவுதான்.

எங்களிடம் இருந்தது மின்தடை அளப்பதற்கென்று வாங்கிய 9 டெஸ்லா மீகடத்திக் காந்தம். சாம்பிள் இறங்கும் குழாய் 25 மில்லிமீட்டர் அகலம், ஆழம் ஒரு மீட்டருக்கு மேல். ஒளி போக ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. ஜன்னல் வைத்த காந்தத்துக்கு விலை கேட்டோம், கேட்டதோடு சரி. ஆகவே ஃபைபரை, அதாவது ஒளியைக் கடத்தும் கண்ணாடி இழையை, சாம்பிளோடு உள்ளே இறக்கும் நீளத் தண்டு, ப்ரோப், ஒன்றை நாமே செய்வது என்று முடிவானது. காந்தமும் எங்களுக்கு மட்டும் சொந்தமில்லை, மூன்று குழுக்கள் பங்கு போடுகிறோம். மாதத்துக்கு இரண்டு நாள் எங்கள் முறை. ஒரு தப்பு செய்தால் அதைத் திருத்தி மறுபடி பார்க்க ஒரு மாதம் காத்திருக்க வேண்டும் என்பதுதான் இந்த வேலையின் உண்மையான விலை.

சாம்பிள் நல்ல சாம்பிள். ஒரே துண்டில் 15, 10, 5 நானோமீட்டரில் மூன்று கிணறுகள், இடையில் 30 விழுக்காடு அலுமினியம் கலந்த தடுப்பு அடுக்குகள். அகலமான கிணறு அடியில் இருக்கிறது. அதன் ஒளிக்கு ஆற்றல் குறைவு என்பதால் மேலே உள்ள குறுகிய கிணறுகள் அதை விழுங்காமல் விட்டுவிடும். 5 கெல்வினில் (சுமார் மைனஸ் 268 டிகிரி செல்சியஸ்) 15-இன் ஒளி சுமார் 809 நானோமீட்டர் அலைநீளத்திலும், 10-இன் ஒளி 800 பக்கத்திலும், 5-இன் ஒளி 773 பக்கத்திலும் வர வேண்டும். எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் சாதாரண காலியம் ஆர்சனைடு 818 பக்கத்தில் ஒரு கோடு தரும். அந்த 818-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், என்னைக் காப்பாற்றியது அதுதான்.

ப்ரோப்புக்கு வருகிறேன். முதுகெலும்பு ஒரு மெல்லிய சுவர் ஸ்டெயின்லெஸ் குழாய், வெளிவிட்டம் 9.5 மில்லிமீட்டர், சுவர் அரை மில்லிமீட்டர். சுவர் தடிமனாக இருந்தால் மேலே உள்ள அறைச்சூடு குழாய் வழியாகவே கீழே இறங்கிவிடும். வழியில் ஆறு இடங்களில் பித்தளைத் தகடுகளை வட்டமாக வெட்டிக் கோத்தோம், மேலிருந்து வரும் வெப்பக் கதிர்வீச்சைத் தடுக்க. லேத்தில் நின்ற அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது என்ன இட்லித் தட்டு மாதிரி அடுக்கடுக்கா?" என்று கேட்டார். அன்று முதல் எங்கள் ஆய்வகத்தில் அதற்குப் பெயரே இட்லித் தட்டுதான்.

குழாய்க்குள் இரண்டு ஃபைபர்கள்: லேசர் போக 200 மைக்ரான், ஒளி திரும்பி வர 600 மைக்ரான். அடியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்று மூன்று மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் சாம்பிளைப் பார்க்கும். இவ்வளவு தடித்த ஃபைபருக்குள் போகும் ஒளியின் முனைவாக்கம் (அலை எந்தத் திசையில் அதிர்கிறது, எப்படிச் சுழல்கிறது என்பது) இரண்டு மீட்டருக்குள் கலங்கிப் போய்விடும் என்பதால், சுழியைப் பிரிக்கும் போலரைசரும் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுவது) கால் அலைத் தகடும் (சுழி ஒளியை அப்படி நேராக அதிரும் ஒளியாக்குவது) சாம்பிள் பக்கத்திலேயே, அதாவது 5 கெல்வினிலேயே, திரும்பி வரும் ஃபைபரின் வாயில் உட்கார வேண்டும். அங்கே போய் எதையும் திருப்ப முடியாது. அதனால் தகட்டை அப்படியே விட்டுவிட்டுக் காந்தப் புலத்தைத் திருப்புவது என்று வைத்துக்கொண்டோம். புலம் மேல்நோக்கி இருக்கும்போது ஒரு சுழி வரும், கீழ்நோக்கி இருக்கும்போது மற்றது வரும். எதுவும் அசையாது என்பதுதான் இதில் அழகு. (அசைந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.)

குழாய் 900 ரூபாய், ஃபைபர் இரண்டும் 14,000, மேல்மூடியும் அடைப்பான்களும் சேர்ந்து 3,500. லேத் வேலைக்கு டீயும் பஜ்ஜியும். ஃபைபர் வெளியே வரும் இடத்தை முதலில் எபாக்ஸி ஊற்றி அடைத்தேன், இரண்டாம் நாளே கசிந்தது. டெஃப்லான் துண்டில் ஊசித் துளை போட்டு, அதற்குள் ஃபைபரைக் கோத்து, நட்டு போட்டு இறுக்கினால் கசிவே இல்லை. முதலிலேயே அதைச் செய்திருக்கலாம்.

முதல் குளிர்விப்பு. சாம்பிளைச் செம்புத் தாங்கியில் வெள்ளிப் பெயின்ட் பூசி முழு முதுகும் படும்படி நன்றாக ஒட்டினேன். குளிர் நன்றாகப் போய்ச் சேர வேண்டும் என்கிற நல்ல எண்ணம்தான். லேசருக்கு மேசையில் கிடந்த பச்சை மாட்யூல், 532 நானோமீட்டர். 5 கெல்வின் வந்ததும் திறந்து பார்த்தால் கோடுகள் வந்துவிட்டன! 807-இல் ஒரு முகடு, அதற்கு ஒரு நானோமீட்டர் தள்ளி 808-இல் இன்னொன்று, கூர்மையாக. இரண்டுக்கும் ஆற்றல் இடைவெளி கிட்டத்தட்ட இரண்டு மில்லி எலக்ட்ரான் வோல்ட், சுருக்கமாக மில்லி ஈவி. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ட்ரையான்! எக்ஸிட்டானோடு இன்னொரு எலக்ட்ரானும் ஒட்டிக்கொண்டால் முதன்மைக் கோட்டுக்கு ஒன்றிரண்டு மில்லி ஈவி கீழே இப்படித்தான் ஒரு கோடு வரும். லாம்பர்ட் 1958-இலேயே அப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டார், ஆனால் குவாண்டம் கிணற்றில் அதைத் தெளிவாகப் பார்க்க 1993 வரை, காட்மியம் டெலுரைடு கிணறுகள் வரும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. நான் முதல் குளிர்விப்பிலேயே பார்த்துவிட்டேன் என்று ராத்திரி ஒரு மணிக்கு மேடத்துக்கு மெசேஜ் அனுப்பினேன், மூன்று ஆச்சரியக்குறியோடு.

காலையில் மேடம் வந்து ஒரே கேள்விதான் கேட்டார்: "சூடு பண்ணிப் பார்த்தியாப்பா?" பண்ணவில்லை. 80 கெல்வினுக்கு ஏற்றினோம். சூடு ஏறினால் காலியம் ஆர்சனைடின் ஆற்றல் இடைவெளி சுருங்கும், கோடுகள் எல்லாம் சிவப்பு நோக்கி நகர வேண்டும், நகர்ந்தன, சுமார் ஆறு நானோமீட்டர். 808 மட்டும் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்த இடத்திலேயே இருந்தது. பச்சை லேசரைச் சாம்பிளே இல்லாமல் ஒரு வெள்ளைத் தாளில் அடித்து, அந்தத் தாளை நிறமாலை எடுக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரால் பார்த்தோம். அதே 808. மலிவான பச்சை லேசருக்குள் உண்மையில் இருப்பது 808 நானோமீட்டர் டயோடு. அது ஒரு படிகத்தை உசுப்பி 1064 உண்டாக்கி, அதைப் பாதியாக்கித்தான் 532 வருகிறது. வாயில் அகச்சிவப்பு வடிகட்டி வைக்காமல் விற்றால் அந்த 808-உம் சேர்ந்தே வெளியே வரும். லேசரை மறைக்க நாம் வைக்கும் வடிகட்டியோ நீண்ட அலைநீளத்தை விடுவதற்கென்றே செய்தது, 808-ஐ வாசல் திறந்து உள்ளே விட்டிருக்கிறது. என் ட்ரையான் ஒரு லேசர் கசிவு.

அதோடு போகவில்லை. 818-இல் வர வேண்டிய, அடியில் உள்ள காலியம் ஆர்சனைடின் கோடு (அடிக்கோடு) 816-இல் இருந்தது, மற்ற கோடுகளும் ஏறக்குறைய நான்கு மில்லி ஈவி மேலே. முதலில் ஸ்பெக்ட்ரோமீட்டரின் அளவீடு தப்பு என்று நினைத்து ஆர்கான் விளக்கை வைத்துப் பார்த்தேன். 800.616, 801.479, 810.369, 811.531 எல்லாம் சரியாக அவற்றின் இடத்தில் இருந்தன. தப்பு வெள்ளிப் பெயின்டில். அறைச்சூட்டிலிருந்து 5 கெல்வினுக்குப் போகும்போது செம்பு ஆயிரத்தில் மூன்று பங்குக்கு மேல் சுருங்கும், காலியம் ஆர்சனைடு ஆயிரத்தில் ஒரு பங்குதான். முழுவதும் ஒட்டியிருந்தால் செம்பு சாம்பிளைப் பிடித்து நெருக்கும், நெருக்கினால் கோடு மேலே ஏறும், பட்டையாகவும் ஆகும். சாம்பிளை அசிட்டோனில் ஊறவைத்துக் கழற்றுவதற்குள் ஒரு மூலை உடைந்தது.

இரண்டாம் குளிர்விப்புக்கு இளநிலை மாணவர் ஆய்வகத்திலிருந்து பழைய ஹீலியம்-நியான் லேசரைக் கடன் வாங்கினேன், 633 நானோமீட்டர். சாம்பிளின் ஒரு மூலையில் மட்டும் கடுகளவு வாக்குவம் கிரீஸ். கிரீஸ் குளிரில் கண்ணாடி போல் இறுகும், ஆனால் ஒரு மூலைதானே, மற்ற இடம் தன் இஷ்டத்துக்குச் சுருங்கிக்கொள்ளும். விழுந்துவிடாமல் இருக்கச் சின்ன ஸ்பிரிங் ஒன்றை வைத்து மேலிருந்து மெல்ல அழுத்தினேன். 5 கெல்வினில் அடிக்கோடு நேராக 818-இல். கிணற்றுக் கோடுகளின் அகலமும் பாதியாகிவிட்டது.

சரி, புலத்தை ஏற்றலாம் என்று ஏற்றினால் இரண்டு வேடிக்கை.

ஒன்று, முகடுகளுக்குப் பக்கவாட்டில் ஆறு நானோமீட்டருக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன மேடுகள், சீரான இடைவெளியில். காந்தப் புலத்தில் சீரான இடைவெளி என்றவுடன் இந்தத் துறையில் யாருக்கும் லாண்டாவ் நிலைகள்தான் (காந்தப் புலத்தில் சுற்றும் எலக்ட்ரானின் படிப்படியான ஆற்றல்கள்) ஞாபகம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் புலத்தை இரட்டிப்பாக்கினால் இடைவெளியும் இரட்டிப்பாக வேண்டும், இவை புலத்தைச் சட்டையே செய்யவில்லை. ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஒளியைப் பதியும் கேமரா சில்லு, எங்கள் சிசிடி, பின்பக்கம் மெலிதாகச் சீவப்பட்ட வகை, கிட்டத்தட்ட 15 மைக்ரான் தடிமன். 800 பக்கத்து அகச்சிவப்பு அந்த மெல்லிய சிலிக்கானுக்குள் முன்னும் பின்னும் எதிரொலித்துத் தன்னோடு தானே குறுக்கிடும். கணக்குப் போட்டால் இடைவெளி ஆறு நானோமீட்டர்தான் வருகிறது. அந்த மேடுகள் தெரிய அடியில் ஒரு பரந்த வெளிச்சம் வேண்டுமே, அது எங்கிருந்து வந்தது என்று தேடினால் ஃபைபர் முனையில் நான் தாராளமாகப் பூசியிருந்த எபாக்ஸி, லேசர் பட்டு மங்கலாக ஒளிர்கிறது. டங்ஸ்டன் பல்பின் ஒளியை அதே ஃபைபர் வழியாக விட்டு ஒரு நிறமாலை எடுத்து, எல்லா அளவையும் அதால் வகுத்தால் மேடுகள் போய்விடும். எபாக்ஸியையும் ஒளி படும் இடத்திலிருந்து சுரண்டி எடுத்துவிட்டு, ஃபைபரை திருகு வைத்துப் பிடிக்க வைத்தேன்.

இரண்டு, புலம் ஏற ஏற ஒளி குறைந்தது. பூஜ்யத்தில் 12,000 எண்ணிக்கை, 4 டெஸ்லாவில் 3,000. புலத்தை இறக்கினால் பழையபடி திரும்பியது. இதற்கு ஒளிராத எக்ஸிட்டான்களை வைத்து ஒரு விளக்கமும் தயார் செய்துவிட்டேன், நோட்டில் ஒன்றரைப் பக்கம் இருக்கிறது, கிழிக்காமல் வைத்திருக்கிறேன். ப்ரோப்பை வெளியே எடுத்துத் துடைக்கும்போது பக்கத்து மேசையில் கிடந்த நியோடிமியம் காந்தம் தாவி வந்து தாங்கியில் ஒட்டியது. பார்த்தால், நான் வைத்த ஸ்பிரிங். அது ஒரு பால்பாயின்ட் பேனாவிலிருந்து எடுத்தது. இரும்பு. புலம் ஏற ஏற அது திரும்பப் பார்த்திருக்கிறது, சாம்பிளையும் சேர்த்து இழுத்திருக்கிறது, லேசர் புள்ளி ஃபைபரின் பார்வையை விட்டு விலகியிருக்கிறது. எதுவும் அசையாது என்று சொன்னேனே, அதுதான் இது. இப்போது தாங்கிக்குள் போகிற ஒவ்வொரு திருகையும் வாஷரையும் நூலில் கட்டித் தொங்கவிட்டு, அந்தக் காந்தத்தைக் காட்டி, அசைகிறதா என்று பார்த்த பிறகுதான் போடுகிறேன். ஸ்டெயின்லெஸ் என்று சொல்லி வாங்கிய எட்டுத் திருகில் மூன்று அசைந்தன.

மூன்றாம் குளிர்விப்பில் பாஸ்பர் பிரான்ஸ் பட்டையை ஸ்பிரிங்காக வைத்தேன், முதல்முறையாக உண்மையான அளவு கிடைத்தது. 10 நானோமீட்டர் கிணற்றின் கோடு 9 டெஸ்லாவில் 2.2 மில்லி ஈவி மேலே போனது. 15-இன் கோடு அதைவிட அதிகம், 2.8. அகலமான கிணற்றில் எக்ஸிட்டான் கொஞ்சம் பரந்து இருக்கும், பரந்து இருப்பதைப் புலம் அதிகமாக நெருக்கும், ஆகவே வரிசை சரி. எங்கள் அரை மீட்டர் ஸ்பெக்ட்ரோமீட்டரில், ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும், மில்லிமீட்டருக்கு 1200 கோடு உள்ள கிராட்டிங்கோடு, ஒரு பிக்சல் சுமார் 0.037 நானோமீட்டர். 3 டெஸ்லாவில் 10-இன் கோடு மொத்தமே நான்கு பிக்சல்தான் நகர்கிறது. அறையின் ஏசி நின்று ஓடுவதிலேயே ஸ்பெக்ட்ரோமீட்டர் அரை பிக்சல் ஆடுகிறது. ஒவ்வொரு புலத்துக்கும் முன்னும் பின்னும் ஆர்கான் கோட்டை எடுத்துக் கழித்த பிறகுதான் புள்ளிகள் ஒழுங்காக ஒரு கோட்டில் உட்கார்ந்தன.

இங்கே இன்னொரு தப்பு, கணக்கில். 0 முதல் 9 டெஸ்லா வரை எல்லாப் புள்ளிகளுக்கும் சேர்த்துப் புல வர்க்கத்துக்கு எதிராக ஒரு நேர்கோடு போட்டேன், டெஸ்லா வர்க்கத்துக்கு 27 மைக்ரோ ஈவி வந்தது. அதை வைத்துக் கணக்குப் போட்ட எக்ஸிட்டான் ஆரம் இருக்க வேண்டியதைவிடச் சின்னதாக இருந்தது. படத்தை உற்றுப் பார்த்தால் புள்ளிகள் 4 டெஸ்லாவுக்கு மேல் கீழ்நோக்கி வளைகின்றன. வர்க்க விதி புலம் பலவீனமாக இருக்கும் வரைதான். 4 டெஸ்லா வந்தால் புலம் எலக்ட்ரானையும் துளையையும் சுற்றவைக்கிற ஆற்றல், அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கிற ஒன்பது மில்லி ஈவி பக்கத்துக்கு வந்துவிடுகிறது. 9 டெஸ்லாவில் காந்த நீளமே (புலம் எலக்ட்ரானை அடைக்கும் வட்டத்தின் அளவு) 8.6 நானோமீட்டர், எக்ஸிட்டான் அளவுக்கே. அதற்கு மேல் ஏற்றம் வர்க்கத்தை விட்டு நேர்விகிதம் நோக்கிப் போகும். 3 டெஸ்லாவோடு நிறுத்திக் கோடு போட்டால் 33 வந்தது. குறுக்கிய நிறையை (எலக்ட்ரானும் துளையும் சேர்ந்த ஜோடிக்கான நிறை) எலக்ட்ரான் நிறையில் 0.05 என்று வைத்தால் ஆரம் 8.7 நானோமீட்டர். நம்பலாம். ஆனால் அந்த 3 டெஸ்லாவுக்குள் என்னிடம் இருந்தது நான்கே புள்ளிகள், ஏனென்றால் பெரிய புலத்தில்தான் சுவாரசியம் என்று நினைத்து எல்லா நேரத்தையும் மேலே செலவழித்திருந்தேன்.

இனி போலரைசர். இந்தப் பகுதிதான் நான் அதிகம் அடிவாங்கிய இடம்.

மூன்றாம் முறை திரும்பி வரும் ஃபைபரின் வாயில் வைத்தது த்ரீடி படம் பார்க்கத் தியேட்டரில் தரும் கண்ணாடியிலிருந்து வெட்டிய வட்டம். சிரிக்காதீர்கள், யோசனை சரியானதுதான். அந்தக் கண்ணாடியில் வெளிப்பக்கம் கால் அலைப் படலம், உள்பக்கம் போலரைசர், இரண்டும் ஒட்டியே வரும். இடக்கண்ணுக்கு ஒரு சுழி, வலக்கண்ணுக்கு மற்றது. எந்தப் பக்கம் சாம்பிளைப் பார்க்க வேண்டும் என்பதற்குக் குளியலறைக் கண்ணாடியே போதும். படலத்தை ஒற்றைக் கண்ணுக்கு முன் பிடித்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தால், கால் அலைப் பக்கம் வெளியே இருந்தால் அந்த வட்டம் கறுப்பாகத் தெரியும், ஏனென்றால் பிரதிபலிப்பில் சுழி மாறிவிடும். மாற்றிப் பிடித்தால் வெளிச்சமாக இருக்கும். கறுப்பாகத் தெரியும்படி வைத்தேன். எல்லாம் சரி. ஆனால் ப்ளஸ் 9, மைனஸ் 9, இரண்டிலும் கோடுகள் இம்மி பிசகாமல் ஒரே இடத்தில்.

பிளவே இல்லை போலிருக்கிறது என்று ஒரு வாரம் இருந்தேன். வீட்டில் டிவி ரிமோட் வேலை செய்யவில்லை என்று அம்மா சொல்ல, பேட்டரியா ரிமோட்டா என்று பார்க்க அதன் மூக்கை போன் கேமராவில் காட்டினேன். அகச்சிவப்பு மினுக்குவது கேமராவில் தெரியும், எல்லோரும் செய்வதுதான். பையில் அந்தக் கண்ணாடி இருந்தது. இரண்டு வட்டத்தைப் போலரைசர் பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி குறுக்காக வைத்தேன், கண்ணுக்கு மை இருட்டு. அதன் வழியே ரிமோட்டைக் கேமராவில் பார்த்தேன். பளிச்சென்று எரிகிறது. கண்ணுக்கான அயோடின் போலரைசர் படலம் 750-ஐத் தாண்டினால் போலரைசராக இருப்பதையே விட்டுவிடுகிறது, எந்தத் திசை ஒளியையும் விட்டுவிடும் சாதாரண பிளாஸ்டிக்தான். 800-இல் அளக்கிற எனக்கு அது வெறும் ஜன்னல். (கோளாறு பேட்டரியில்தான் இருந்தது.)

கால் அலைப் படலம் அவ்வளவு மோசமில்லை. அது பச்சை ஒளிக்கு, சுமார் 140 நானோமீட்டர் பின்னடைவுக்குச் செய்தது. 800-இல் கால் அலைக்குப் பதில் 0.175 அலை கிடைக்கும், சுழியைப் பிரிக்கும் திறன் நூற்றுக்கு 89. வைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் 5 கெல்வினிலிருந்து வெளியே வந்தபோது அது அப்பளம் மாதிரி சுருண்டு பிரிந்திருந்தது.

அகச்சிவப்புக்கான போலரைசர் வட்டம் ஒன்று வாங்கினோம், 12.5 மில்லிமீட்டர், வரியோடு 7,400 ரூபாய். மொத்தத்தில் பெரிய செலவுகளில் ஒன்று, வாங்காமல் இருக்க முடியாத ஒன்றும்கூட. கால் அலைத் தகட்டுக்கு மேடம் ஒரு வழி சொன்னார்: "எங்க காலத்துல காக்காப்பொன்னைத்தான் உரிச்சுப் போடுவோம்." மைக்காவைத்தான் சொல்கிறார். சோடியம் விளக்கின் மஞ்சளுக்கு 0.03 மில்லிமீட்டர் தடிமன் போதும், 800-க்கு 0.043 பக்கம் வேண்டும். நான் புத்திசாலித்தனமாகப் பழைய இஸ்திரிப் பெட்டியைப் பிரித்து அதிலிருந்த மைக்காத் தகட்டை எடுத்து, சோதிக்காமல் நேராக நான்காம் குளிர்விப்புக்குப் போட்டேன். ஒன்றும் வரவில்லை. அது முழு மைக்கா அல்ல, சில்லுச் சில்லாகக் கோந்து வைத்து ஒட்டி அழுத்திய தகடு. ஒவ்வொரு சில்லும் ஒவ்வொரு திசையில் கிடக்கிறது. மேசையில் ஐந்து நிமிடம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், ஒரு மாதம் போனது.

சென்னைக்குப் போனபோது ரிச்சி ஸ்ட்ரீட்டில் பவர் டிரான்சிஸ்டருக்கு அடியில் வைக்கும் மைக்கா வாஷர் பத்து வாங்கினேன், எல்லாம் சேர்த்து 60 ரூபாய். இது இயற்கை மைக்கா, ஒரே துண்டு. விளிம்பில் புது பிளேடை வைத்து மெல்ல அழுத்தி, பிளவு விழுந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அது உள்ளே ஊர்ந்து போய் வெங்காயத்தோல் மாதிரி தானே பிரியும். முதல் நான்கு கிழிந்தன. ஐந்தாவதில் கை பழகியது. மைக்ரோமீட்டரில் 0.04-க்கும் 0.05-க்கும் இடையே நிற்கிற வரை உரித்தேன். பிறகு 810 நானோமீட்டர் எல்இடி, போலரைசர், மைக்கா 45 பாகையில், இன்னொரு போலரைசர், ஒரு போட்டோடயோடு, மல்டிமீட்டர். கடைசிப் போலரைசரைச் சுற்றினால் மல்டிமீட்டர் அளவு மாறக் கூடாது, அதுதான் சுழி ஒளிக்கு அடையாளம். முதல் துண்டில் அளவு இரண்டு மடங்கு ஏறி இறங்கியது. மூன்றாம் துண்டில் 212-க்கும் 231-க்கும் இடையே மட்டும் ஆடியது, போதும் என்று எடுத்துக்கொண்டேன். திரவ நைட்ரஜனில் பத்து முறை முக்கி எடுத்தேன், அப்படியே இருந்தது. எபாக்ஸி கிடையாது, பித்தளை வளையம் ஒன்று மைக்காவையும் போலரைசரையும் சேர்த்துப் பிடிக்கிறது. சாம்பிள், மைக்கா, போலரைசர், ஃபைபர் என்ற வரிசையைத் தாங்கியின் மேலேயே ஊசியால் கீறி எழுதிவிட்டேன்.

ஐந்தாம் குளிர்விப்பு, வியாழக்கிழமை. காலையில் இறக்கியது, மூன்று மணி நேரத்தில் 5 கெல்வின். சாம்பிளில் லேசர் 50 மைக்ரோவாட்டுக்கு மேல் போகாமல் வைத்தேன். புலம் நிமிடத்துக்கு 0.6 டெஸ்லா, ப்ளஸ் 9-லிருந்து மைனஸ் 9-க்குப் போக அரை மணி நேரம். இந்த முறை 3 டெஸ்லாவுக்குள்ளேயே பதின்மூன்று புள்ளிகள் எடுத்தேன்.

5 நானோமீட்டர் கிணற்றின் கோடு நல்ல பட்டை, மூன்றரை மில்லி ஈவி அகலம். அவ்வளவு குறுகிய கிணற்றில் தடிமன் ஓர் அணு அடுக்கு கூடக் குறைய இருந்தாலே ஆற்றல் அவ்வளவு மாறும். அந்தப் பட்டைக்குள் 0.4 மில்லி ஈவி பிளவு ஒளிந்திருந்தால் வெறும் கண்ணுக்கு ஒற்றை முகடாகத்தான் தெரியும், சுழியைப் பிரித்தால்தான் வெளியே வரும். வந்தது. நாற்பத்தைந்து பிக்சல் அகல முகடு ஐந்து பிக்சல் தள்ளி நின்றது. சந்தேகத்துக்கு மறுபடி ப்ளஸ் 9 போனேன், பழைய இடத்துக்கே வந்தது. மறுபடி மைனஸ், மறுபடி ஐந்து. அதே நேரத்தில் 10 நானோமீட்டர் கோடு ஒரு பிக்சல்கூட நகரவில்லை. இதைத்தான் நான் அதிகம் ரசித்தேன், ஏனென்றால் ஸ்பெக்ட்ரோமீட்டர் ஆடியிருந்தாலோ சாம்பிள் அசைந்திருந்தாலோ இரண்டும் சேர்ந்தே நகர்ந்திருக்கும். காலியம் ஆர்சனைடில் எலக்ட்ரானின் ஜி-காரணி (புலத்தில் பிளவு எவ்வளவு என்று சொல்லும் எண்) மைனஸ் 0.44, கிணறு குறுகக் குறுக அது ஏறி ஐந்தாறு நானோமீட்டர் பக்கத்தில் பூஜ்யத்தைக் கடந்து போகிறது, துளையின் பங்கும் கூடவே மாறுகிறது. ஆகவே ஒரு கிணற்றில் பிளவு இருப்பதும் பக்கத்துக் கிணற்றில் இல்லாமல் போவதும் நடக்கக்கூடியதுதான். 5-க்கு எக்ஸிட்டானின் ஜி-காரணி எனக்கு வந்தது 0.77. பிழை எவ்வளவு என்று இன்னும் ஒழுங்காகக் கணக்குப் போடவில்லை, மைக்காவின் 212-க்கும் 231-க்கும் இடையிலான குறையையும் அதில் சேர்க்க வேண்டும்.

அடுத்த ப்ரோப் செய்தால் சிலவற்றை மாற்றுவேன். சாம்பிளை ஃபைபருக்கு மூன்று மில்லிமீட்டர் தள்ளி வைத்ததில் முக்கால்வாசி ஒளி வீணாகிறது, நடுவில் ஒரு சின்ன லென்ஸ் வேண்டும். லென்ஸைப் போலரைசருக்கும் ஃபைபருக்கும் நடுவே வைப்பேன். மைக்காவுக்கும் போலரைசருக்கும் நடுவே வைத்தால், அங்கே ஒளி ஒரே திசையில் நேராக அதிரும், 9 டெஸ்லாவில் லென்ஸின் கண்ணாடி அந்தத் திசையைத் திருப்பிவிடும், பிறகு இன்னொரு ஏழு மாதம். தாங்கியில் தெர்மாமீட்டர் சாம்பிளுக்குப் பின்னால் இருக்கிறது, பக்கத்தில் வர வேண்டும். மேசைச் சோதனைப் பெட்டி ஒன்றை நிரந்தரமாகவே வைத்துவிட்டேன்: 810 எல்இடி, நியோடிமியம் காந்தம், ஒரு ஃப்ளாஸ்க் நைட்ரஜன். உள்ளே போகும் எதுவும் இந்த மூன்றையும் தாண்டித்தான் போக வேண்டும். இதுவரை ஆன செலவு மொத்தம் 27,000-க்குக் கொஞ்சம் குறைவு, காந்த நேரத்தைச் சேர்க்காமல்.

இன்னொன்று. வியாழக்கிழமை எடுத்ததில், 10 நானோமீட்டர் முகட்டுக்கு 1.4 மில்லி ஈவி கீழே ஒரு சின்னத் தோள் தெரிகிறது. புலத்தோடு சேர்ந்தே மேலே ஏறுகிறது, ஒரு சுழியில் மற்றதைவிடக் கொஞ்சம் பலமாக இருக்கிறது. லேசர் இப்போது ஹீலியம்-நியான், 808 கசிய வழியில்லை. அடுத்த மாதம் 14-ஆம் தேதி எங்கள் முறை. லேசர் பலத்தை மாற்றி மாற்றி எடுக்க வேண்டும், 80 கெல்வினுக்கு ஏற்ற வேண்டும், வெள்ளைத் தாளையும் பார்க்க வேண்டும். மேடத்துக்கு இன்னும் மெசேஜ் அனுப்பவில்லை.